ஆள் பத்தாது, மருந்து பத்தாது: மலையக ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரதேச வைத்தியசாலை, தோட்ட டிஸ்பென்சரி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, ஒரு கிளினிக் அல்லது ஒரு வாட்டு: இவற்றில் ஏதாவது ஒன்றை நடத்துகிறவர்களுக்காக, நிர்வாகப் பிரச்சினைகளை விமர்சனச் சிந்தனையோடு பார்ப்பது பற்றி இதை எழுதுகிறேன். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வேலை செய்கிறவர்களோடு பேசினால் இந்தக் கேள்விகள் எப்படியும் வந்துவிடும். உதாரணங்களில் வரும் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை. எந்த ஆஸ்பத்திரியின் கணக்கும் இல்லை.

நாங்கள் யோசிக்காமலா இவ்வளவு காலம் நடத்தினோம்? விமர்சனச் சிந்தனை என்று புதிதாக என்ன இருக்கிறது?

புதிதாக ஒன்றும் இல்லை. நோயாளியிடம் தினமும் செய்வதை நிர்வாகத்திலும் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு "கேஸ் சேர்" என்று வருகிறார். எந்த டொக்டரும் அதை அப்படியே எழுதிக்கொள்வதில்லை. எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, வியர்த்ததா என்று கேட்பார். ஈசிஜி எடுப்பார். நோயாளி சொன்னதில் எது வலி, எது அவருடைய ஊகம் என்று பிரித்துப் பார்ப்பார். அதே டொக்டரிடம் மறுநாள் "ஓபிடியில் சனம் தாங்கவில்லை, ஆள் பத்தாது" என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டிவிட்டுப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிடுகிறார். கேள்வி இல்லை, பரிசோதனை இல்லை. "சனம் தாங்கவில்லை" என்பது கண்ணால் கண்டது. "ஆள் பத்தாது" என்பது சொன்னவருடைய ஊகம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வருவதால் நாம் பிரிப்பதில்லை.

நம் பக்கத்தில் முறைப்பாடுகள் எல்லாமே இப்படித்தான் காரணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகின்றன. அதைப் பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. இதற்கு மேல் எந்தப் பயிற்சியில் எந்தப் படம் வரைந்து காட்டினாலும், இது நடக்காவிட்டால் பிரயோசனம் இல்லை.

தோட்டத்து ஆட்கள் கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை. எத்தனை தரம் சொன்னாலும் விளங்கவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். மலையகத்தில் சீனி வியாதி, பிரஷர் கிளினிக் நடத்தும் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். கேட்கும் விதத்திலேயே பதிலும் இருக்கிறது: "விளங்கவில்லை." ஆக, அறிவு பத்தாது, ஆக, ஒரு விழிப்புணர்வுக் கூட்டம், ஆக, ஒரு பேனர். கூட்டம் நடக்கிறது, படம் எடுக்கிறார்கள், அடுத்த மாதமும் அதே ஆட்கள்தான் வருகிறார்கள்.

முதலில் முறைப்பாட்டைத் திருத்தி எழுதுங்கள். எந்தக் கிளினிக்? பதிவில் எத்தனை பேர்? கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு கிளினிக் நாளும் எத்தனை பேர் வந்தார்கள்? வராதவர்கள் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஆணா பெண்ணா, வேலைக்குப் போகிறவரா பென்ஷன் எடுத்தவரா? இந்தத் தகவல் பெரும்பாலும் உங்கள் பதிவேட்டிலேயே கிடக்கிறது. ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும்.

அப்புறம், காரணமாக இருக்கக்கூடியவற்றை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது உண்மை என்றால் பதிவேட்டில் என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விதான் ஊகத்தையும் ஆய்வையும் பிரிக்கிறது.

ஒன்று, பேர், அதாவது வேலைக்குப் போன நாளுக்குப் பதியும் நாட்சம்பளம். கிளினிக் வார நாளில், காலையில். அன்றைக்கு மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. பாதியில் வந்தால் அரைப்பேர் கிடைத்தாலே பெரிது. இதுதான் காரணம் என்றால், வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் தவறியிருப்பார்கள், பென்ஷன் எடுத்தவர்கள் ஒழுங்காக வந்திருப்பார்கள். தேயிலைக் கொழுந்து கூடுதலாக இருக்கும் மாதங்களில் வரவு இன்னும் குறைந்திருக்கும்.

இரண்டு, பாதை. மேல் டிவிஷனிலிருந்து பஸ் வரும் சந்திக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஓட்டோ பிடித்தால் ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். இது காரணம் என்றால், ஒரு தோட்டத்துக்குள்ளேயே பாதையோர டிவிஷன் ஆட்கள் வந்திருப்பார்கள், மேல் டிவிஷன் ஆட்கள் வந்திருக்க மாட்டார்கள்.

மூன்று, போன தரம் மருந்து இல்லாமல் "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு கொடுத்து அனுப்பியது. அப்படியானால் மருந்து தீர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் எல்லாத் தோட்டத்திலிருந்தும் வரவு விழுந்திருக்கும்.

நான்கு, பதிவேடே பிழை. கொழும்புக்குப் போனவர்கள், மகன் வீட்டோடு போய்விட்டவர்கள், இறந்தவர்கள், ஒரே பெயரில் இரண்டு தரம் பதிந்தவர்கள். ஒரு டிவிஷனில் எத்தனை லெட்சுமி, எத்தனை ராமாயி இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இது காரணம் என்றால், வராதவர்கள் விட்டு விட்டு வராதவர்களாக இருக்க மாட்டார்கள். ஆறு மாதமும் தொடர்ந்து வராதவர்களாக இருப்பார்கள்.

ஐந்து, பேச்சு. கிளினிக்கில் தமிழ் பேசுகிறவர் யாரும் இல்லாத நாளில் வந்து, ஒன்றும் விளங்காமல், அதட்டலும் வாங்கிப் போனவர் மறுபடி வரத் தயங்குவார். இது பதிவேட்டில் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நம் மிட்வைஃப் மிஸ், இதற்கு உங்களைவிட நல்ல பதில் வைத்திருப்பார்.

ஆறாவதாக அறிவு பத்தாது என்பதையும் எழுதுங்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது காரணம் என்றால் பென்ஷன்காரரும் பாதையோரத்தாரும் அதே அளவுக்குத் தவற வேண்டும்.

இப்படிப் பார்த்தால் தீர்வு இடத்துக்கு இடம் மாறும். பேர் பிரச்சினை என்றால் துரையோடும் (தோட்ட முகாமையாளர்) தொழிற்சங்கத் தலைவர்மாரோடும் பேச வேண்டும், அல்லது கிளினிக் நேரத்தை மாற்ற வேண்டும். பாதை என்றால் மாதத்தில் ஒரு நாள் மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவிலோ (பிள்ளை பராமரிப்பு நிலையம்) டிஸ்பென்சரியிலோ கிளினிக் நடத்தலாம். பதிவேடு பிழை என்றால் பேனாவும் ஒரு நாளும் போதும், ஒரு சதமும் செலவில்லை. பேனர் அடிக்க வேண்டிய இடம் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஆள் பத்தாது என்பது உண்மைதானே?

பல இடங்களில் உண்மைதான். முதல் நியமனத்தில் வருகிற டொக்டர்கள் இடமாற்றம் கிடைத்தவுடன் போய்விடுகிறார்கள். வெற்றிடம் நிரம்பப் பல மாதம் ஆகிறது. அதை நான் மறுக்கவில்லை. எந்த வேலைக்கு, எந்த மணித்தியாலத்தில் ஆள் பத்தாது என்று சொல்லத் தெரிய வேண்டும் என்கிறேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். காலை 8 மணிக்கு 240 பேர் நிற்கிறார்கள். இரண்டு டொக்டர்கள், ஒருவர் மணிக்கு 20 பேரைப் பார்க்கிறார். மணிக்கு 40 பேர், ஆக 6 மணித்தியாலம். கடைசி ஆள் 2 மணி வரை காத்திருக்கிறார். இன்னொரு டொக்டர் வந்தால் மணிக்கு 60 பேர், 4 மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். மருந்து ஜன்னலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரே ஒருவர், மணிக்கு 30 பேருக்கு மருந்து கட்டுகிறார். 240 பேருக்கு 8 மணித்தியாலம். மூன்றாவது டொக்டர் வந்தால் வரிசை டொக்டர் அறை வாசலிலிருந்து மருந்து ஜன்னலுக்கு இடம் மாறும். நோயாளி வீட்டுக்குப் போகும் நேரம் ஐந்து நிமிடமும் முந்தாது. அங்கே தேவைப்பட்டது இன்னொரு மருந்துக் கலவையாளர், அல்லது அடிக்கடி கொடுக்கும் மாத்திரைகளை முந்தைய நாளே எண்ணிப் பக்கட்டில் போட்டு வைப்பது.

இதற்கு ஒரு எளிய சூத்திரமும் இருக்கிறது. ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவியது. வரிசையில் நிற்கும் ஆட்களின் சராசரி எண்ணிக்கை என்பது மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒருவர் எத்தனை மணித்தியாலம் காத்திருக்கிறார் என்பதையும் பெருக்கினால் வருவது. மணிக்கு 40 பேர் வந்து ஒவ்வொருவரும் 2 மணித்தியாலம் காத்திருந்தால் வாங்கிலும் வாசலிலுமாக 80 பேர் இருப்பார்கள். வாங்கு போதவில்லை என்று வாங்கு வாங்குவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன 240 பேரும் மணிக்கு 40 பேராக வந்தால், அதே இரண்டு டொக்டர்கள் அதே 6 மணித்தியாலம் வேலை செய்தாலும், டொக்டர் வாசலில் யாரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் நேரம் குறித்துக் கொடுத்துவிடலாமா?

கொழும்பில் கொடுக்கலாம். உங்கள் ஊரில் மலையிலிருந்து இறங்கும் ஒரே பஸ் காலை ஆறரைக்கு என்றால், பதினொரு மணிக்கு வரச் சொன்னவரும் ஏழு மணிக்கு வந்து வாசலில்தான் நிற்பார். பஸ் நேரத்தை முதலில் எழுதுங்கள். தோட்டவாரியாக, பஸ் வரும் ஒழுங்கில் நேரத்தைப் பிரியுங்கள். டவுன் ஆட்களைப் பிந்திய நேரத்துக்குப் போடுங்கள். அவர்களால் நடந்து வர முடியும். டவுன் ஆட்கள் சத்தம் போடுவார்கள், அது வேறு விஷயம்.

5எஸ் போர்டு எங்கள் ஆஸ்பத்திரியிலும் தொங்குகிறது. அது போதாதா?

நல்ல தொடக்கம். இதில் இலங்கைக்கு ஒரு பெருமையும் உண்டு. கொழும்பு காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில், வேலை இடத்தைப் பிரித்து, அடுக்கி, சுத்தமாக வைக்கும் ஜப்பானியத் தொழிற்சாலை முறையான 5எஸ்ஸைத் தொடங்கியது. பிறகு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் அதையே முன்மாதிரியாகக் காட்டி 2007 முதல் ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனது.

ஆனால் லேபல் ஒட்டுவதும் அலுமாரி அடுக்குவதும் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியச் செய்வதற்குத்தான். தெரிந்த பிறகு யாராவது கேள்வி கேட்க வேண்டும். குழு பார்வையிட வரும் கிழமை மட்டும் பளபளக்கும் போர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"ஐந்து முறை ஏன் என்று கேள்" என்று பயிற்சியில் சொன்னார்கள். கேட்டால் எப்போதும் ஒரு சிற்றூழியரின் தலையில்தான் வந்து முடிகிறது.

டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்த முறை அது. ஒரே கோட்டில் கேட்டுக்கொண்டு போனால் அப்படித்தான் முடியும். இரத்த மாதிரி ஏன் நிராகரிக்கப்பட்டது? பெயர் பிழை. ஏன் பெயர் பிழை? எழுதியவர் கவனிக்கவில்லை. முடிந்தது, கண்டிப்புக் கடிதம் தயார்.

"கவனிக்கவில்லை" என்ற பதில் வந்தால் அங்கே நிற்காதீர்கள். அதே இடத்தில் வேறொரு நல்ல ஊழியர் இருந்திருந்தால் அவருக்கும் இது நடந்திருக்குமா என்று கேளுங்கள். நடந்திருக்கும் என்றால் பிழை ஆளில் இல்லை. பெயரைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, ஆங்கிலப் படிவத்துக்கு மாற்றும்போது ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வருகிறது. ஆய்வுகூடம் நிராகரிக்காமல் என்ன செய்யும்? கிளினிக் கொப்பியில் உள்ள இலக்கத்தையும் சேர்த்து எழுதினால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

பிழை விட்டவரைக் கண்டுபிடிக்காமல் எப்படித் திருத்துவது?

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல பதில் இருக்கிறது. இலங்கையில் ஒரு தாய் பிரசவத்தோடு தொடர்பாக இறந்தால், ஒவ்வொரு மரணமும் ஆஸ்பத்திரியிலும் வெளிக்களத்திலும் விசாரிக்கப்படுகிறது. குடும்ப சுகாதாரப் பணியகம் வரை போகிறது. என்ன நடந்தது, எங்கே தடுத்திருக்கலாம் என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் நோக்கம். ஆளைப் பிடித்துத் தண்டிப்பது அதன் வேலை இல்லை. தெற்காசியாவில் தாய் மரணம் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருப்பதில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

அங்கே பயன்படும் ஒரு சட்டகத்தை நிர்வாகத்தில் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். 1994இல் தடியஸ், மேய்ன் என்ற இருவர் எழுதிய மூன்று தாமதங்கள்: போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இரவு ஒரு மணிக்கு வலி வருகிறது என்று வையுங்கள். கணவர் கொழும்பில், மாமியார் விடியட்டும் என்கிறார். இது முதல் தாமதம். பாதை உடைந்து கிடக்கிறது, ஓட்டோக்காரர் வர மறுக்கிறார். இது இரண்டாவது. கிட்டிய ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை, அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். இது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு ஆட்கள் பொறுப்பு. ஒரு காலத்தில் கொழுந்து லொறியில் ஏற்றிப் போனார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. இரண்டாவது தாமதத்தில் ஒரு பகுதியை அது குறைத்தது. ஆனால் வண்டி லயத்து வாசல் வரை வர முடியாத பாதைக்கு அம்பியூலன்ஸ் சேவை பொறுப்பில்லை; முதல் தாமதத்தை அது தொடவே இல்லை. ஒரு தாமதத்துக்குச் செய்த தீர்வை மூன்றுக்கும் கணக்கு வைக்காமல் இருப்பதுதான் இங்கே தேவைப்படும் தெளிவு.

குளிர்ப் பிரதேசம்தானே, தடுப்பூசி கெட்டுப்போகும் பயம் எங்களுக்குக் குறைவு இல்லையா?

இல்லை. "எல்லோருக்கும் தெரிந்த" விஷயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். நாம் 8ஐ நினைத்துத்தான் பயப்படுகிறோம். பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி, ஏற்புவலித் தடுப்பூசி போன்றவை உறைந்தால் பாழ். உருக்கி எடுத்தாலும் சக்தி திரும்பாது. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்துக்கு உறைவு பிரச்சினை இல்லை, சூடுதான் ஆகாது. ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே பயம் பொருந்தாது.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் மரக்கறித் தோட்டத்தில் பனி உறைகிறது. பகல் சூட்டுக்குத் திருப்பி வைத்த குளிர்சாதனப் பெட்டி, அந்த இரவில் 2க்குக் கீழே போகலாம். காலை எட்டரைக்குப் பார்க்கும்போது மறுபடி 4 என்று காட்டும். இன்னொன்று, பதிவுத் தாளில் மாதம் முழுக்கக் காலையும் மாலையும் 4, 4, 4 என்றே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உண்மையான வெப்பமானி இப்படி ஒரே இடத்தில் நிற்காது. அது யாரோ மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பிய தாளாக இருக்கலாம். அளவுக்கு மீறிச் சுத்தமான கணக்கும் ஒரு அறிகுறிதான்.

முறைப்பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறோம். ஒன்றும் விழுவதில்லை. சனம் திருப்தியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில்? பேனாவும் தாளும் பக்கத்தில் உண்டா? பெட்டி யாருடைய மேசைக்கு முன்னால் இருக்கிறது? எழுதத் தெரியாத ஒரு அம்மாவுக்கு அந்தப் பெட்டி இல்லாத மாதிரித்தான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சுவரில் உள்ள தமிழ் அறிவித்தலை ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். எழுத்துப் பிழைகளைப் பார்த்தால் அதை ஒட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த யாரிடமும் காட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

வந்தவர்களின் கணக்கு மட்டுமே ஆஸ்பத்திரியில் இருக்கும். வராமல் போனவர்கள், வந்து பாதியில் திரும்பியவர்கள், டவுனில் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களைப் பற்றி அறிய வேண்டுமானால் பஸ் நிலையத்தில் தேநீர் குடியுங்கள். அல்லது வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு உங்கள் ஓபிடி வாங்கிலேயே ஒரு மணித்தியாலம் உட்காருங்கள்.

வரலாற்றில் யாராவது இந்த மாதிரி யோசித்து ஒரு ஆஸ்பத்திரிப் பிரச்சினையைத் தீர்த்தார்களா?

செம்மல்வைஸ் என்ற டொக்டர். வியன்னா, 1847. ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள். டொக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் ஏறத்தாழப் பத்துத் தாய்மாரில் ஒருவர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவதில் இருபத்தைந்தில் ஒருவர். காற்றில் வரும் நச்சு, சன நெரிசல் என்று பல காரணங்கள் சொன்னார்கள். காற்று இரண்டுக்கும் ஒன்றுதான். நெரிசல் இரண்டாவதில்தான் கூட. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். பிரேத பரிசோதனையில் கத்தி பட்டு இறந்த ஒரு நண்பரின் உடலிலும் அதே நோயின் அடையாளங்கள் இருந்தன. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தவர்களின் கையை அவர் சந்தேகித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்ததும் முதல் பிரிவின் மரணம் இரண்டாவதின் அளவுக்கு இறங்கியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய உத்தி, ஒரே மாதிரியான இரண்டு இடங்களை ஒப்பிடுவது. இரண்டு டிவிஷன், இரண்டு வாட்டு, இரண்டு ஷிப்ட். எது மாறுகிறதோ அங்கே தேடுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. செம்மல்வைஸ் சரியாகக் கண்டுபிடித்தார், ஆனால் சக டொக்டர்களை இணங்க வைக்க அவரால் முடியவில்லை. பகைத்துக்கொண்டார், நகரைவிட்டே போனார். சரியான பதிலைக் கண்டுபிடிப்பது நிர்வாகத்தில் பாதி வேலைதான்.

சேர் ஒரு முடிவு சொல்லிவிட்டால் அதை மறுத்துப் பேச முடியுமா? நடைமுறையில் சொல்லுங்கள்.

முடிவு வந்த பிறகு மறுப்பது கஷ்டம். முடிவுக்கு முன்னால் கேளுங்கள்: "சேர், இது சரிவரவில்லை என்றால் நமக்கு எதில் தெரியும்?" இதில் யாருடைய முகமும் கெடாது.

நீங்களே சேர் என்றால், கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். சாரதி, அட்டெண்டன், மிட்வைஃப் மிஸ் முதலில். அவர்கள்தான் இருபது வருடமாக அங்கே இருக்கிறார்கள்; டொக்டர்மார் வந்து போகிறவர்கள். "இங்கே எப்போதும் இப்படித்தான்" என்று அவர்கள் சொன்னால் எரிச்சல் படாமல், எப்போதிருந்து என்று கேளுங்கள். சில நேரம் அந்த வழக்கத்துக்கு நல்ல காரணம் ஒன்று இருந்திருக்கும்.

தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்றே தெரியவில்லை.

அதுவே ஒரு நிர்வாகப் பிரச்சினை, பழையதும் கூட. தோட்டங்கள் 1972, 1975இல் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குப் போனது. தோட்ட மக்களின் வீடு, நலன் வேலைகளைப் பார்க்கும், இப்போது மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று சொல்கிற அமைப்பும் அந்த வருடத்தில்தான் வந்தது. இதற்கிடையில் 1987க்குப் பிறகு சுகாதாரத்தின் பெரும் பகுதி மாகாண சபைக்கு. தோட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது, ஆனால் டிஸ்பென்சரிகள் பல இன்னும் கம்பெனியின் கீழ். ஆக, ஒரே லயத்துக்குத் துரை, நிதியம், சுகாதார வைத்திய அதிகாரி, மாகாணம் என்று நான்கு பொறுப்பாளிகள். எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்றே முடியும்.

ஒரு தாளில் நிரல் போடுங்கள். வேலையைச் சிறு துண்டுகளாக எழுதுங்கள்: மருந்து வாங்குவது, தண்ணீரைச் சோதிப்பது, கக்கூஸ் குழியைத் திருத்துவது, நோயாளியை ஏற்றிப் போவது. ஒவ்வொன்றுக்கும் செய்பவர் யார், காசு யாருடையது, உத்தரவு யாருடையது என்று மூன்று நிரல். வெறுமையாக நிற்கும் கட்டங்களைத்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். "தோட்ட சுகாதாரம் மோசம்" என்று பேசினால் நால்வரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கட்டத்தைக் காட்டினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மருந்துக்கு ஒதுக்கியது குறைந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நியாயம்தானே?

பார்ப்பதற்கு நியாயம். 2022 பொருளாதார நெருக்கடியில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். மருந்துகளை உயிர் காப்பவை, அவசியமானவை, இல்லாமல் சமாளிக்கக்கூடியவை என்று மூன்றாகப் பிரித்தால், இன்சுலினையும் விற்றமினையும் ஒரே வீதத்தில் குறைக்க மனம் வராது. அப்புறம் செலவு வாரியாகவும் வரிசைப்படுத்துங்கள். சில மருந்துகளே பெரும் பங்குக் காசை எடுத்துக்கொள்வது தெரியும். ராக்கையில் காலாவதி முந்துகிறதை முன்னால் வையுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் எது மிஞ்சிக் கிடக்கிறது என்று ஒரு போன் அடியுங்கள்.

எடுத்த நடவடிக்கை வேலை செய்ததா என்று எப்படி அறிவது?

தொடங்குவதற்கு முன்னால் எழுதி வையுங்கள்: எந்த எண், எவ்வளவு மாற வேண்டும், எப்போது பார்ப்போம். ஒரு கிளினிக்கில் மட்டும் செய்து பாருங்கள்.

அடை மழை மாதத்தில் வரவு மோசமாக இருந்தது, உடனே திட்டம் போட்டோம், மழை விட்டதும் வரவு கூடியது. திட்டம் வெற்றி என்று அறிக்கை. அது வெயிலின் வெற்றி. மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். திட்டம் தொடாத பக்கத்துக் கிளினிக்கோடும் ஒப்பிடுங்கள்.

கம்ப்யூட்டர் போட்டால் சரியாகிவிடுமா?

எங்கே அடைபடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு கேளுங்கள்.

எல்லாம் யோசித்தாயிற்று. உண்மையிலேயே ஆள்தான் பத்தாது. இப்போது என்ன?

அப்படியானால் கடிதம் எழுதுங்கள், ஆனால் வேறு மாதிரி. "எமது வைத்தியசாலையில் கடுமையான ஆளணிப் பற்றாக்குறை நிலவுகிறது, தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்" என்ற கடிதம் பிராந்தியப் பணிப்பாளரின் மேசையில் ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கும். பதிலாக இப்படி எழுதலாம்:

"கிளினிக் நாட்களில் மருந்து ஜன்னலில் மணிக்கு 30 பேருக்கே மருந்து வழங்க முடிகிறது, டொக்டர்கள் 40 பேரைப் பார்த்து அனுப்புகிறார்கள். மாத்திரைகளை முன்கூட்டியே பொதி செய்து பார்த்தோம். 30 என்பது 34 ஆனது. இதற்கு மேல் முடியவில்லை. செவ்வாய், வியாழன் காலை 9 முதல் 1 மணி வரை மட்டும் இன்னொரு மருந்துக் கலவையாளரைப் பக்கத்து வைத்தியசாலையிலிருந்து தந்தால் போதும். நான்கு கிழமைக்குப் பின் முடிவை எழுதி அனுப்புவோம். கணக்கு இணைக்கப்பட்டுள்ளது."

கணக்குத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சிங்களத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. அனுப்பிய திகதியைக் கோப்பில் குறித்துவிட்டு, இரண்டு கிழமை கழித்துப் போன் அடியுங்கள்.